தும்மலும் துளியும் காற்றும்

தும்மலைப் பற்றிய சிந்தனை தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளின் புலவி நுணுக்கம் என்னும் அதிகாரத்தில் தலைவன் தும்முகிறான்; தலைவி வழக்கப்படி அவனை வாழ்த்துகிறாள்; மறுகணமே, அவனை நினைத்தவள் எவளோ என்று ஐயுற்று ஊடுகிறாள். குழந்தை தும்மினால் ‘நூறு’ என்று ஆயுளை வாழ்த்தும் வழக்கம் இன்றும் வீடுகளில் உண்டு. புறப்படும் வேளையில் தும்மல் கேட்டால் சற்றே அமர்ந்து நீர் அருந்திச் செல்வோரும் உளர். இவ்வாறு தும்மலை நினைவின் அறிகுறியாகவும் நிமித்தமாகவும் கண்ட மரபு நெடியது.

ஆனால், தும்மும்போதும் இருமும்போதும் வாயினின்றும் மூக்கினின்றும் வெளிப்படுவது யாது? அஃது எத்துணைத் தொலைவு செல்லும்? எவ்வளவு நேரம் காற்றில் நிற்கும்? எளியவை போலத் தோன்றும் இவ்வினாக்களுக்கு விடை காண அறிஞர் உலகம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் வாதிட வேண்டியிருந்தது. அவ்வாதத்தின் இடையே நேர்ந்த ஓர் அளவுப் பிழை, 2020ஆம் ஆண்டில் கொரோனா பெருந்தொற்று பரவியபோது பல நாடுகளைத் தவறான வழியில் செலுத்தியது. அவ்வரலாறு விழாக்களிலும் மண்டபங்களிலும் ஒன்றுகூடி வாழும் எந்தச் சமூகத்திற்கும் அறியத்தக்கது.

தீய காற்று என்னும் பழைய கொள்கை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை ஐரோப்பிய மருத்துவர் பலர், அழுகிய பொருள்களிலிருந்தும் சதுப்பு நிலங்களிலிருந்தும் எழும் தீய காற்றே நோய்களுக்கெல்லாம் காரணம் என நம்பினர். ‘மலேரியா’ என்னும் சொல்லே இத்தாலிய மொழியில் தீய காற்று எனப் பொருள்படும். 1854ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் காலரா பரவியபோது, அது காற்றால் அன்று, ஒரு தெருக்குழாயின் நீரால் பரவியது என்பதை ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் வீடு வீடாகக் கணக்கெடுத்து நிறுவினார். 1882இல் இராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தார். மலேரியா கொசுவால் பரவுவதும் அந்நூற்றாண்டின் இறுதியில் உறுதியாயிற்று.

இவ்வெற்றிகளால் ஒரு பக்கவிளைவும் நேர்ந்தது. காற்றால் நோய் பரவும் என்று சொல்வதே அறியாமையின் எச்சம் என்னும் மனப்பாங்கு மருத்துவ உலகில் வேரூன்றியது. ஒரு பழைய பிழையை விலக்கும் விரைவில், அதனுள் இருந்த சிறிது உண்மையும் சேர்ந்து விலக்கப்பட்டது.

பிரெஸ்லாவ் நகரத்துத் தட்டுகள்

இன்று போலந்து நாட்டில் விராத்ஸ்வாஃப் என வழங்கும் நகரம் அன்று ஜெர்மனியின் பிரெஸ்லாவ் ஆக இருந்தது. அங்குப் பேராசிரியராக விளங்கிய கார்ல் ஃபுளூகே 1897இல் ஓர் எளிய சோதனையைச் செய்து காட்டினார். தீங்கற்றதெனக் கருதப்பட்ட ஒருவகைக் கிருமியை வாயில் இட்டுக்கொண்ட ஒருவரைப் பேசவும் இருமவும் தும்மவும் செய்தனர். அறையின் வெவ்வேறு இடங்களில் கிருமி வளரத்தக்க தட்டுகள் வைக்கப்பட்டிருந்தன. அத்தட்டுகளில் அக்கிருமி வளர்ந்தது. வாயினின்று தெறிக்கும் கண்ணுக்குப் புலனாகாத துளிகள் கிருமிகளைச் சுமந்து செல்கின்றன என்பது இதனால் மெய்ப்பிக்கப்பட்டது. அதே ஆண்டில் அதே நகரின் அறுவை மருத்துவர் மிக்குலிச், அறுவையின்போது வாயை மெல்லிய துணியால் மூடிக்கொள்ளும் முறையைக் கைக்கொண்டார். இன்றைய மருத்துவ முகக்கவசத்தின் தொடக்கங்களுள் அஃது ஒன்று.

முகக்கவசத்தைப் பொதுமக்களிடம் கொண்டு சென்ற பெருமை வூ லியென்-தே என்பவரைச் சாரும். மலாயாவின் பினாங்கில் 1879இல் பிறந்து, கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்ற இவர், 1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் பரவிய நுரையீரல் கொள்ளைநோயை ஒடுக்கச் சீன அரசால் அனுப்பப்பட்டார். எலிகளையும் தெள்ளுப்பூச்சிகளையும் மட்டுமே காரணமாகக் கருதிய காலத்தில், இந்நோய் மனிதரின் மூச்சு வழியே மனிதருக்குப் பரவுகிறது என அவர் துணிந்துரைத்தார். பஞ்சும் மெல்லிய துணியும் அடுக்கிய முகக்கவசத்தை அனைவரும் அணிய வேண்டும் என்றார். அவர் கருத்தை ஏற்காத பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி, கவசமின்றி நோயாளிகளைப் பார்வையிட்டு, அந்நோயாலேயே சில நாள்களில் மாண்டார். ஏறத்தாழ 60,000 பேரைப் பலிகொண்ட அக்கொள்ளைநோய் 1911இன் தொடக்கத்தில் சில மாதங்களிலேயே அடங்கியது.

தொடுகையா, காற்றா?

அதே 1910இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரச் சுகாதார அலுவலர் சார்லஸ் சேப்பின், தொற்று பரவும் வழிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பெரும்பாலான நோய்கள் நெருங்கிய தொடுகையாலும், அருகில் தெறிக்கும் துளிகளாலும் பரவுகின்றன. காற்றில் மிதந்து வந்து பற்றுவது அரிது என்பது அவர் கொள்கை. மக்கள் காற்றையே அஞ்சிக்கொண்டிருந்தால் கைகழுவவும் தூய்மை பேணவும் முற்படமாட்டார்கள் என்னும் கவலையும் அவருக்கு இருந்தது. அவர் எண்ணம் நல்லது. அக்காலத்துச் சான்றுகளும் குறைவு. ஆனால் ‘காற்றால் பரவுவதற்குச் சான்று இல்லை’ என்பது, காலப்போக்கில் ‘காற்றால் பரவாது’ என்பதாகத் திரிந்தது. ஃபுளூகே தம் சோதனைகளில் காற்றோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்ட நுண்துளிகளையும் கருத்திற்கொண்டிருந்தார். பின்வந்தோரோ, அருகிலேயே விழும் பெருந்துளிகளுக்கு மட்டும் அவர் பெயரைச் சூட்டி மகிழ்ந்தனர்.

1918இல் உலகெங்கும் பரவிய நச்சுக் காய்ச்சல் ஐந்து கோடிப் பேரையேனும் பலிகொண்டிருக்கும் என மதிப்பிடப்படுகிறது. அவ்வாண்டு ஜூன் மாதம் பம்பாய்த் துறைமுகம் வழியே இந்தியாவினுள் நுழைந்த அக்காய்ச்சலால் இந்நாட்டில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் இறந்தனர். அக்காய்ச்சலுக்குக் காரணமான நச்சுயிரியை, அதாவது வைரஸை, அன்று எவரும் அறியார். 1933இல்தான் இலண்டன் ஆய்வாளர்கள் கீரியை ஒத்த ஃபெர்ரட் என்னும் விலங்கில் அதனைப் பிரித்தறிந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் ஆய்வகத்து ஃபெர்ரட் ஒன்று, தன்னைச் சோதித்துக்கொண்டிருந்த ஸ்டூவர்ட்-ஹாரிஸ் என்னும் ஆய்வாளரின் முகத்துக்கு நேரே தும்மியது. இரண்டு நாள்களுக்குள் அவர் காய்ச்சலில் படுத்தார். அவர் தொண்டையிலிருந்து அந்த வைரஸே மீண்டும் எடுக்கப்பட்டது. 1936இல் வெளியான இச்செய்தி, தும்மலால் வைரஸ் பரவும் என்பதற்கு எதிர்பாராமல் கிடைத்த சான்றாயிற்று.

வெல்ஸ் வரைந்த கோடு

துளிகளின் இயல்பை முதன்முதல் கணக்கிட்டு ஆராய்ந்தவர் வில்லியம் ஃபர்த் வெல்ஸ். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இவர் 1934இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான் எனப்படும். மனிதத் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரான். சுமார் 100 மைக்ரானுக்கு மேற்பட்ட துளிகள் சில நொடிகளில் தரையில் விழுந்துவிடுகின்றன. அதனினும் சிறியவை விழுமுன்னரே உலர்ந்து, தம்முள் இருந்த உப்பையும் கிருமியையும் மட்டும் கொண்ட எச்சங்களாகக் காற்றில் மிதக்கின்றன. விழும் துளி ஒன்று, மிதக்கும் துகள் மற்றொன்று. இவ்விரண்டையும் வேறுபடுத்தியதே வெல்ஸின் பங்களிப்பு. அவற்றுள் பின்னையதற்குத் துளிக்கரு எனப் பொருள்படும் பெயரையும் அவர் இட்டார்.

வெல்ஸும் அவர் மனைவி மில்ட்ரெட் வெல்ஸும் இக்கருத்தைப் பள்ளிகளில் சோதித்தனர். பிலடெல்பியாவைச் சார்ந்த சில பள்ளிகளின் வகுப்பறைகளில், மாணவர் தலைக்கு மேலே செல்லும் காற்றில் மட்டும் படுமாறு புற ஊதாக் கதிர் விளக்குகளைப் பொருத்தினர். 1941இல் தட்டம்மை பரவியபோது, விளக்குப் பொருத்திய வகுப்பறைகளில் நோயுற்ற குழந்தைகள் குறைவாகவே இருந்தனர். ஆயினும் பிற இடங்களில் நிகழ்ந்த சோதனைகள் இத்துணைத் தெளிவான பயன் தரவில்லை. பேருந்திலும் வீட்டிலும் குழந்தைகள் கூடியிருந்ததே அதற்குக் காரணமாகலாம் என்பது பின்னரே உணரப்பட்டது. அன்றோ, அது வெல்ஸின் கொள்கைக்கே தோல்வியாகக் கருதப்பட்டது.

அதே காலத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மார்ஷல் ஜெனிசன், அதிவேக ஒளிப்படக் கருவியால் தும்மலைப் படம்பிடித்தார். இருண்ட பின்புலத்தில் ஒளிரும் மழைபோலத் துளிகள் தெறிப்பதை உலகம் முதன்முறை கண்டது. போர்க்கால பிரிட்டனில் இருமலும் தும்மலும் நோய் பரப்பும் என்று எச்சரித்துக் கைக்குட்டையைப் பயன்படுத்துமாறு கூறும் சுவரொட்டிகள் எங்கும் ஒட்டப்பட்டன. கண்ணுக்குத் தெரிந்த பெருந்துளிகள் மக்கள் மனத்தில் பதிந்தன. படத்தில் விழாத நுண்துகள்களோ மறக்கப்பட்டன.

பால்டிமோரும் சென்னையும்

மனந்தளராத வெல்ஸ், தம் மாணவரான ரிச்சர்ட் ரைலியுடன் சேர்ந்து 1950களில் பால்டிமோர் நகர மருத்துவமனையொன்றில் மற்றொரு சோதனையைத் தொடங்கினார். காசநோயாளிகள் தங்கிய ஆறு அறைகளின் காற்று, குழாய்கள் வழியே மேல்தளத்திற்குக் கொண்டு செல்லப்பட்டது. அங்குக் கூண்டுகளில் கினிப்பன்றிகள் இருந்தன. அவை எந்த நோயாளியையும் தொடவில்லை, அருகில் காணவும் இல்லை. அவ்வறைகளின் காற்றை மட்டுமே சுவாசித்தன. மாதந்தோறும் சராசரியாக மூன்று கினிப்பன்றிகளுக்குக் காசநோய் தொற்றியது. காற்றில் புற ஊதாக் கதிர் செலுத்திய பின் அதனைச் சுவாசித்த மற்றொரு கூண்டுத் தொகுதியில் ஒன்றுக்கும் தொற்றவில்லை. காசநோய் காற்றால் பரவுகிறது என்பதை இனி எவரும் மறுக்க இயலாதாயிற்று. வெல்ஸ் 1963இல் மறைந்தார்.

இவ்வாய்வுகள் நிகழ்ந்த அதே ஆண்டுகளில் சென்னையிலும் ஓர் அரிய ஆய்வு நடைபெற்றது. 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம், வீட்டிலேயே தங்கி மருந்து உண்ட நோயாளிகளையும் காசநோய் மருத்துவமனையில் தங்கியவர்களையும் ஒப்பிட்டது. 1959இல் வெளியான முடிவுகள் உலகை வியக்க வைத்தன. வீட்டில் மருந்துண்டவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர். அவர்தம் குடும்பத்தாருக்குக் கூடுதல் தொற்றும் நேரவில்லை. நோய் கண்டறியப்படுவதற்கு முன்னரே பரவல் பெரிதும் நிகழ்ந்துவிடுகிறது. முறையாக மருந்துண்ணத் தொடங்கியவரால் பரவுவது விரைவில் குறைகிறது என்பது இதனால் புலனாயிற்று. நோயாளியைக் குடும்பத்தினின்றும் பிரித்துத் தொலைவில் வைக்கும் கொடுமைக்கு இவ்வாய்வு முடிவு கட்டியது. காற்றால் பரவும் நோய் என்றவுடன் அஞ்சி ஒதுக்க வேண்டுவதில்லை. அது எப்போது, எவ்வாறு பரவுகிறது என்று அறிந்தால் போதும் என்பதற்குத் தமிழகம் தந்த சான்று அது.

ஐந்தும் நூறும்

பிழை நேர்ந்தது இவ்விடத்தில்தான். காசநோய்க் கிருமி நுரையீரலின் ஆழத்தில் சென்று படிந்தால்தான் நோயை உண்டாக்கும். அவ்வளவு ஆழம் செல்லத் துகள் 5 மைக்ரானுக்கும் சிறியதாக இருத்தல் வேண்டும். எனவே காசநோயைப் பற்றிய நூல்களில் ‘5 மைக்ரான்’ என்னும் எண் இடம்பெற்றது. வெல்ஸ் கூறிய 100 மைக்ரானோ, எத்துளி மிதக்கும், எத்துளி விழும் என்பதற்கான எல்லை. இவ்விரண்டு எண்களும் காலப்போக்கில் மருத்துவ நூல்களில் ஒன்றாகக் குழம்பின. ஐந்து மைக்ரானுக்கு மேற்பட்ட துளிகள் யாவும் ஓரிரு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும் என்னும் தவறான விதி பாடநூல்களில் நிலைபெற்றது. உண்மையில் அசைவற்ற காற்றிலும் 5 மைக்ரான் துகள் ஓர் ஆள் உயரத்திலிருந்து தரையை அடைய ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். அறைக்காற்று அசைந்துகொண்டிருந்தால் அது மேலும் நெடுநேரம் மிதக்கும்.

விதிக்கு மாறான நிகழ்ச்சிகள் இடையிடையே தோன்றாமலில்லை. 1974இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரை அடுத்த ஒரு பள்ளியில், தட்டம்மையுற்ற ஒரே மாணவியிடமிருந்து 14 வெவ்வேறு வகுப்பறைகளைச் சேர்ந்த 28 மாணவர்களுக்கு நோய் தொற்றியது. பள்ளியின் காற்றோட்டக் குழாய்களே அதற்கு வழியாயின. 1977இல் அலாஸ்காவில் பழுதுற்ற விமானம் ஒன்றில் 54 பேர் சில மணி நேரம் காத்திருந்தனர். காற்றோட்டக் கருவி இயங்கவில்லை. அவர்களுள் ஒருவருக்கு நச்சுக் காய்ச்சல் இருந்தது. மூன்று நாள்களுக்குள் பயணிகளில் 72 விழுக்காட்டினர் நோயுற்றனர். இவையெல்லாம் விதிவிலக்குகள் என ஒதுக்கப்பட்டனவேயன்றி, விதியை எவரும் மறுபரிசீலனை செய்யவில்லை.

2020: விதி முறிந்த ஆண்டு

கொரோனா பெருந்தொற்று பரவத் தொடங்கியபோது, உலகச் சுகாதார நிறுவனம் அப்பழைய விதியையே பின்பற்றியது. 2020 மார்ச் 28 அன்று, இந்நோய் காற்றால் பரவுவதன்று என அது வெளிப்படையாக அறிவித்தது. கைகழுவுக, ஒரு மீட்டர் விலகி நிற்க, மேசைகளைத் துடைக்க என்னும் அறிவுரைகளே முதன்மை பெற்றன. வீட்டுக்கு வந்த காய்கறிகளையும் பால் உறைகளையும் சோப்பு நீரில் கழுவியவர்கள் பலர். மூடிய அறையின் சன்னலைத் திறக்க நினைத்தவர்கள் சிலரே.

அவ்வறிவிப்புக்குப் பதினெட்டு நாள்களுக்கு முன், மார்ச் 10 மாலையில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழுவினர் 61 பேர் கூடி இரண்டரை மணி நேரம் பாடிப் பயின்றனர். கைகுலுக்கலும் தழுவலும் தவிர்க்கப்பட்டன. கைத்தூய்மி வைக்கப்பட்டிருந்தது. ஒருவருக்கு மட்டும் சளி போன்ற அறிகுறி இருந்தது. அவர்களுள் 53 பேர் நோயுற்றனர், இருவர் இறந்தனர். பாடியதே அங்குப் பரவலுக்குப் பெருங்காரணமாயிற்று. உந்தியிலிருந்து எழும் காற்றே நெஞ்சிலும் தலையிலும் மிடற்றிலும் நின்று, பல்லும் இதழும் நாவும் பொருந்த எழுத்தொலியாகிறது என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் விளக்குவதைத் தமிழ் பயின்றோர் அறிவர். பேச்சு என்பது ஒலி வடிவுற்ற மூச்சு. குரல் உயருந்தோறும் வெளிப்படும் நுண்துகள்களும் பெருகுகின்றன என்பதை இக்கால ஆய்வுகள் அளந்து காட்டியுள்ளன. ஆதலின் இருமாமலும் தும்மாமலும் ஒருவர் நோயைப் பரப்ப இயலும்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர இயற்பியல் அறிஞர் லிடியா மொராவ்ஸ்கா முதலானோர் ஏப்ரல் மாதத் தொடக்கத்திலேயே உலகச் சுகாதார நிறுவனத்திடம் இவ்வுண்மையை எடுத்துரைத்தனர்; பயனில்லை. அவ்வாண்டு ஜூலையில் 239 அறிவியலாளர்களின் ஆதரவோடு அவரும் டொனால்டு மில்டனும் பகிரங்கமாக எழுதினர். அமெரிக்காவின் லின்சி மார் என்னும் பேராசிரியையும் உடனாய்வாளர்களும், ஐந்து மைக்ரான் விதியின் வேரைத் தேடிப் புறப்பட்டனர். அவர்களுள் வரலாற்றுத் தேடலில் ஈடுபட்ட ஆய்வு மாணவி ஒருவர் பழைய நூல்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, வெல்ஸின் 100 எவ்வாறு காசநோயின் 5 ஆக மாறியது என்பதை வெளிக்கொணர்ந்தார். மருத்துவ வினா ஒன்றை நூலகத் தேடல் தெளிவுபடுத்திய அரிய நிகழ்ச்சி இது. 2021 ஏப்ரல் இறுதியில் உலகச் சுகாதார நிறுவனம் தன் விளக்கத்தைத் திருத்தியது. 2024 ஏப்ரலில் அந்நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, துளி, நுண்துளி என்னும் பழைய பிரிவினையையே கைவிட்டு, அளவு எதுவாயினும் ‘தொற்றும் சுவாசத் துகள்கள்’ என ஒரே பெயரால் குறித்தது.

ஊதுவத்திப் புகை தரும் பாடம்

சுவாசத் துகள்களின் இயல்பை உணர ஊதுவத்தியின் புகையை எண்ணிப் பார்த்தால் போதும். அருகில் புகை அடர்ந்திருக்கும், தொலைவில் மெலிந்திருக்கும். மூடிய அறையில் சிறிது நேரத்தில் எங்கும் பரவும். சன்னலைத் திறந்தால் வெளியேறும். திறந்த வெளியில் எளிதில் கலைந்து மறையும். விலகி இருத்தல், காற்றோட்டம், கூடியிருக்கும் நேரத்தைக் குறைத்தல், முகக்கவசம் ஆகிய நான்கும் ஒன்றையொன்று துணைக்கொண்டே காப்பன. இவற்றுள் ஒன்று மட்டும் போதும் என எண்ணுவதே ஆபத்து. கைகழுவுதல் இவற்றால் தேவையற்றதாகிவிடாது. கைவழியே பரவும் நோய்கள் பல உள்ளன.

முகக்கவசம் அணிபவரை ஓரளவு காப்பதோடு, அவர்தம் துளிகள் பிறரை அடையாமலும் தடுக்கிறது. சுவேதாம்பரப் பிரிவின் ஸ்தானகவாசி, தேராபந்தித் துறவியர் வாயில் அணியும் முகபத்தியை இங்கு நினைவுகூரலாம். காற்றிலுள்ள நுண்ணுயிர்களுக்குத் தம் வாய்வெப்பத்தாலும் பேச்சாலும் ஊறு நேரலாகாது என்னும் நோக்கில் எழுந்தது அது. அதனை நோய்த்தடுப்பு முறை எனக் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. எனினும், தன் மூச்சால் பிறவுயிர்க்குத் தீங்கு நேரலாகாது என்று எண்ணுவது இரண்டிற்கும் பொதுவானது.

ஒரு நூற்றாண்டுக் கால வாதத்தின் பயன், நடைமுறையில் மிக எளிய சில கடமைகளாகவே முடிகிறது. இருமலும் காய்ச்சலும் உள்ளவர் விழாவுக்கு வாராமல் வீட்டிலிருப்பதை எவரும் குறைவாகக் கருதலாகாது. வந்தே தீர வேண்டியவர் முகக்கவசம் அணிதல் வேண்டும். தும்மல் வருங்கால் முழங்கை மடிப்பால் வாயையும் மூக்கையும் மறைத்தல் வேண்டும். குளிர்சாதனம் பொருத்திய மண்டபமாயின், வெளிக்காற்று உள்ளே வர வழி உண்டா எனப் பார்த்தல் பொறுப்பாளர் கடமை. பல கருவிகள் அறைக்காற்றையே மீண்டும் மீண்டும் குளிர்விக்கின்றன. முதியோரும் கைக்குழந்தைகளும் காற்றோட்டமுள்ள வாயிலருகே அமர இடம் ஒதுக்கலாம். மண்டபத்தைக் கட்டிய முன்னோர் சுவரின் மேற்பகுதியில் வைத்த சாளரங்கள் பல இடங்களில் இன்று அடைபட்டுக் கிடக்கின்றன. அடுத்த விழாவுக்கு வெள்ளையடிக்கும்போது அவற்றையும் திறந்து வைத்தல் நலம்.